ஆலிவ் தோப்பில் அகப்பட்ட அட்லாண்டிஸ்

“ஹெலிகே: உண்மையான அட்லாண்டிஸ்.” 2002-ல் பிபிசியின் ஹொரைசன் வரிசையில் வந்த ஆவணப்படத்தின் தலைப்பு இது. படம் பழசாகிவிட்டது, தலைப்புக்கு மட்டும் மூப்பே இல்லை. இன்றும் காணொளிகளிலும் பயணக் கட்டுரைகளிலும் தலைகாட்டுகிறது. கூடவே, நீலக் கடலடியில் சாய்ந்து கிடக்கும் பளிங்குத் தூண்களின் படம் ஒன்று. அவை எந்த ஊர்த் தூண்களோ, ஹெலிகேயின் தூண்கள் அல்ல.

ஹெலிகே, கிரேக்கத்தின் கொரிந்து வளைகுடாவுக்குத் தென்கரையில் அக்கேயா பகுதியில் இருந்த ஊர். பன்னிரண்டு அக்கேய நகரங்களின் கூட்டமைப்புக்குத் தலைமை தாங்கியது. இத்தாலியில் சிபாரிஸ் நகரத்தை நிறுவிய குடியேறிகளை வழிநடத்தியவர் இவ்வூர்க்காரர். கடல்தெய்வம் பொசைடனுக்கு இங்கே பேர்பெற்ற கோயில் இருந்தது. கி.மு. 373 குளிர்காலத்தில், ஓர் இரவில், நிலநடுக்கமும் வெள்ளமும் ஊரை விழுங்கின. உடல்களை மீட்க வந்த இரண்டாயிரம் பேர் வெறுங்கையோடு திரும்பினார்கள் என்கிறார் பண்டைய புவியியலாளர் ஸ்ட்ராபோ.

ஹெலிகேயைச் சுற்றிச் சொல்லப்படும் வாதங்களில் முதலாவது, கிரேக்கத் தத்துவஞானி பிளேட்டோவின் அட்லாண்டிஸுக்கு இதுவே மூலம் என்பது. அவர் சொன்னது ஹெர்குலிஸ் தூண்களுக்கு (ஜிப்ரால்டர் நீரிணைக்கு) அப்பால், லிபியாவும் ஆசியாவும் சேர்ந்த அளவைவிடப் பெரிய தீவு. மூழ்கியது ஏதென்ஸின் சட்டமியற்றுநர் சோலோனுக்கு ஒன்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன். ஹெலிகே தீவே அல்ல. இடம், அளவு, காலம் மூன்றும் உதைத்தாலும் “உண்மையான” என்ற அடைமொழிக்குக் குறைவில்லை.

ஊரை அழித்தது பொசைடனின் கோபம் என்ற இரண்டாவது வாதத்துக்குப் பதில், அந்த நிலத்துக்கடியில் ஓடும் பிளவு.

மூன்றாவது வாதம்தான் பெரிய வேடிக்கை: ஊர் கடலுக்கடியில் உறங்குகிறதாம். இதை நம்பித்தான் 1960-களில் தொல்லியலாளர் ஸ்பிரிடோன் மரினாடோஸும் ஒலியலைக் கருவி நிபுணர் ஹரால்ட் எட்ஜர்டனும் வளைகுடாவைத் துழாவினார்கள். 1988-ல் ஆய்வாளர்கள் டோரா கட்சோனோபூலூவும் ஸ்டீவன் சோட்டரும் கடலடியை மறுபடி அலசினார்கள். ஊர் கிடைக்கவில்லை. இத்தனைக்கும் ஊர் கடலிலிருந்து 12 ஸ்டேடியம், அதாவது சுமார் இரண்டு கிலோமீட்டர், தள்ளி இருந்தது என்று அக்காலத்தவரான ஹெராக்ளிடீஸ் சொன்னதை ஸ்ட்ராபோ எழுதியே வைத்திருக்கிறார்.

பண்டைக் கிரேக்க அறிஞர் எரடோஸ்தனிஸ் அங்கே போனபோது படகோட்டிகள் ஒரு கதை சொன்னார்கள்: வெண்கலப் பொசைடன் சிலை தண்ணீருக்குள் நின்றபடியே இருக்கிறது, மீன் வலைகளுக்கு அதனால் ஆபத்து. கரையைவிட்டு நகர்ந்ததும் மளமளவென ஆழம் கூடும் வளைகுடா அது. அங்கே வலையில் சிக்கும் சிலை எப்படி நிற்கும்? படகோட்டிகள் அந்த நீரைக் குறித்த சொல் ‘போரோஸ்’. அது வளைகுடா அல்ல, உள்நாட்டுக் காயல் என்று கட்சோனோபூலூ வாசித்தார். நிலம் அமிழ, பள்ளத்தில் தண்ணீர் புகுந்து காயலாகியிருக்கிறது. செலினூஸ், கெரினிட்டிஸ் ஆறுகளின் வண்டல் பிறகு அதைத் தூர்த்துவிட்டது. ஆழ்துளையிட்டு மண் எடுத்துப் பார்த்தபோது காயலில் வாழும் நுண்ணுயிர்களின் ஓடுகள் கிடைத்தன. 2001-ல் ரிசோமிலோஸ் கிராமத்து ஆலிவ் தோப்புகளுக்கிடையே தோண்டியபோது செவ்வியல் காலக் கட்டடங்கள் களிமண்ணுக்கடியிலிருந்து வெளிப்பட்டன. முக்குளிப்பு உடைக்கு வேலையே இல்லை, மண்வெட்டி போதுமாயிருந்தது. இது நடந்து சில மாதங்களில்தான் அந்தத் தலைப்பு ஒளிபரப்பானது! படமே இந்த அகழாய்வைப் பற்றியது என்பது கூடுதல் வேதனை.

“ஒரே இரவில் சுவடின்றி மறைந்தது” என்பது இன்னொன்று. பேரிடருக்குப் பிந்தைய ஹெலனிய காலத்துச் சாயப்பட்டறை ஒன்று அதே சமவெளியில் அகழ்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது. ரோமானியர் போட்ட சாலையும் அவ்வழியே போகிறது. சுவடில்லாத இடத்தில் யாருக்காகச் சாயம் தோய்த்தார்கள்?

இந்த மண் அடங்கியது அந்த ஒரு முறையோடு அல்ல. அதே வட்டாரத்தில் 1861-ல் நிலம் குலுங்கிக் கரையோரம் ஒரு நீண்ட பட்டையாகத் தாழ்ந்தது. 1995-ல் பக்கத்து ஏகியோன் நகரில் கட்டடங்கள் விழுந்து ஆட்கள் மாண்டார்கள். கட்சோனோபூலூவின் ஹெலிகே ஆய்வுக்குழுவே இன்னொரு குடியிருப்பையும் கண்டெடுத்தது: முன் வெண்கலக் காலத்தது, செவ்வியல் ஹெலிகேக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு மூத்தது, அதே மாதிரி களிமண்ணில் புதைந்தது. அதற்குப் பிளேட்டோ வாய்க்கவில்லை; ஆகவே அதன்மேல் யாரும் அட்லாண்டிஸ் பலகை மாட்டவில்லை.