பண்டிகை ஒரு நாள். பாடம் ஐம்பது நாள்!

ஈஸ்டர் பண்டிகை ஒரே நாளில் முடிந்துவிடுகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு.

பண்டிகையன்று அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்து ஆலயங்களில் நிற்க இடம் இராது. குழந்தைகள் கையில் மெழுகுவர்த்தியுடன் நள்ளிரவுத் திருப்பலிக்கு வருவார்கள். புத்தாடை உண்டு. விருந்து உண்டு. மறுநாள் திங்கட்கிழமை. அப்பா தொழிற்பேட்டைக்குப் புறப்பட்டுவிடுவார். அம்மா அடுப்படிக்குப் போய்விடுவார். வேதப் புத்தகம் அலமாரிக்குப் போய்விடும். "பண்டிகை முடிந்தது" என்று சொல்லிவிடுகிறோம்.

திருச்சபையின் கணக்கு வேறு. ஈஸ்டருக்கு முன்னால் தவக்காலம் 40 நாள். ஈஸ்டரில் தொடங்கிப் பெந்தெகொஸ்தே வரையில் மகிழ்ச்சிக் காலம் 50 நாள். நோன்புக்கு நாற்பது, மகிழ்ச்சிக்கு ஐம்பது! கத்தோலிக்க ஆலயங்களில் இந்த 50 நாளும் நற்செய்தியிலிருந்து ஒரு சிறு பகுதி வாசிக்கப்படுகிறது. இதைப் பாஸ்கா காலம் என்பார்கள்.

நாள்தோறும் சிறிது சிறிதாக ஓதுவது நமக்குப் புதிய வழக்கம் அல்ல. திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர் பூந்தமல்லி. மார்கழி வந்தால் வைணவர்கள் நாளுக்கு ஒரு திருப்பாவையாக 30 நாளும் பாடுகிறார்கள். ரமலான் மாதத்தில் இஸ்லாமியர் இரவுதோறும் குர்ஆன் ஓதக் கேட்கிறார்கள். ஒரு மாதச் சோற்றை ஒரே நாளில் உண்ண முடியுமா? முடியாது. நல்ல சொல்லும் அப்படித்தான். அன்றாடம் ஒரு பிடி உள்ளே போனால்தான் உடம்பில் ஒட்டும்.

முதல் வாரம்

ஈஸ்டருக்கு அடுத்த வாரத்து வாசகங்கள் ஆண்டுதோறும் மாறாமல் வருபவை. அவற்றில் சிலவற்றைப் பார்ப்போம்.

திங்கட்கிழமை: கல்லறை காலியாக இருக்கிறது. காவலர்களுக்குப் பணம் கொடுக்கிறார்கள். உடலைச் சீடர்கள் திருடிவிட்டதாகச் சொல்லும்படி ஏவுகிறார்கள். காசு கொடுத்துப் பொய்யைப் பரப்பும் வேலை அன்றே இருந்திருக்கிறது! இன்று காசுகூட வேண்டாம், கைப்பேசி போதும். உண்மையா என்று பாராமல் ஒரு செய்தியை நாலு பேருக்கு அனுப்புகிறவர்கள் இந்தப் பகுதியை இரண்டு தடவை படிக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை: மகதலா மரியா அழுதுகொண்டு நிற்கிறார். எதிரே நிற்கும் இயேசுவைத் தோட்டக்காரர் என்று நினைக்கிறார். இயேசு அவரைப் பெயர் சொல்லி அழைக்கிறார். உடனே தெரிந்துகொள்கிறார். அன்பாகப் பெயர் சொல்லி அழைத்தால் அழுகை நிற்கும். நம் வீட்டில் நாள் முழுதும் "ஏய்", "இந்தா" என்ற சொல் மட்டுமே கேட்கிற ஒரு பெண் இருக்கிறாரா? இன்று அவரைப் பெயர் சொல்லி அழைத்துப் பாருங்கள்.

புதன்கிழமை: இருவர் எம்மாவு என்ற ஊருக்கு நடக்கிறார்கள். ஏறக்குறைய 11 கிலோமீட்டர். பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்கு நடப்பதைவிடச் சற்று அதிகம். மனம் உடைந்த நடை. வழியில் ஒருவர் வந்து சேர்ந்துகொள்கிறார். அவர் யாரென்று வழி நெடுகத் தெரியவில்லை. "பொழுது போய்விட்டது, எங்களோடு தங்குங்கள்" என்ற கருத்தில் அழைக்கிறார்கள். அவர் அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தபோதுதான் கண் திறக்கிறது! வந்தவரைச் சாப்பிடச் சொன்னதால் அல்லவா அவர்களுக்கு அந்தப் பாக்கியம் கிடைத்தது?

கரி நெருப்பு

வெள்ளிக்கிழமை வாசகம் மிக முக்கியமானது. கைது நடந்த இரவில் பேதுரு என்ன செய்தார்? தலைமைக் குருவின் முற்றத்தில் கரி நெருப்பில் குளிர் காய்ந்துகொண்டு, இயேசுவைத் தெரியாது என்று மூன்று தடவை சாதித்தார்.

இப்போது ஏரிக்கரை. விடியற்காலம். ஏழு சீடர்கள் இரவெல்லாம் வலை வீசியும் ஒன்றும் அகப்படவில்லை. கரையில் நின்ற ஒருவர் சொன்னபடி வலையைப் போடுகிறார்கள். 153 பெரிய மீன்கள்! கரைக்கு வந்தால் அங்கே கரி நெருப்பு எரிகிறது. அதன்மேல் மீன் இருக்கிறது. அப்பமும் இருக்கிறது. இயேசு அவர்களைச் சாப்பிட அழைக்கிறார்.

மறுதலித்தவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார். ஆனால் இயேசு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. முதலில் சாப்பாடு. அதன் பிறகுதான், தம்மீது அன்பு உண்டா என்று பேதுருவிடம் மூன்று தடவை கேட்கிறார். அந்தப் பகுதி பாஸ்கா காலத்தின் ஏழாவது வாரத்து வெள்ளிக்கிழமையில்தான் ஆலயத்தில் வாசிக்கப்படுகிறது. சாப்பாட்டுக்கும் கேள்விக்கும் நடுவே, வாசகத்தில் ஆறு வாரம்!

நம் வீடுகளில் நடப்பது என்ன? இரவு ஷிப்டு முடிந்து மகன் தாமதமாக வருகிறான். செருப்பைக் கழற்றுமுன் விசாரணை தொடங்கிவிடுகிறது. மகள் தேர்வில் தோற்று வருகிறாள். தண்ணீர் கொடுக்குமுன் வசவு வருகிறது. தட்டில் சோறு இருக்கிறது. எதிரே கண்ணீர் இருக்கிறது. கண்டிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. பேதுருவிடமும் கேள்வி கேட்கப்பட்டது. முதலில் பசியாற்றுங்கள், பிறகு கேளுங்கள். இந்த ஒரு பாடத்தைக் கடைப்பிடித்தால் வீட்டை விட்டு ஓடும் பிள்ளைகள் குறைவார்கள்.

சந்தேகப்பட்டவர்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தோமாவின் கதை. காயத்தைத் தொட்டுப் பார்த்தால் ஒழிய நம்பமாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார். எட்டு நாள் கழித்து இயேசு வந்து, தம் காயங்களைக் காட்டினார். தோமா நம்பினார்.

இந்தத் தோமா நமக்கு அந்நியர் அல்லர். பூந்தமல்லியிலிருந்து செல்லும் மவுண்ட் சாலை பரங்கிமலையில் முடிகிறது. அந்த மலையில்தான் அவர் உயிர் நீத்தார் என்பது மரபு. மலைமேல் உள்ள ஆலயத்தில், 1547-ம் ஆண்டில் நிலத்தைத் தோண்டியபோது கிடைத்த பழைய கற்சிலுவை இருக்கிறது.

எல்லாரும் தோமாவின் சந்தேகத்தைப் பேசுகிறார்கள். அந்த எட்டு நாளைப் பற்றிப் பேசுவதில்லை. மற்றவர்கள் அவரைத் துரத்தவில்லை. அவரும் கோபித்துக்கொண்டு போகவில்லை. ஒரே வீட்டில் சேர்ந்திருந்தார்கள். அதனால் அல்லவா, இயேசு வந்தபோது தோமாவும் அங்கே இருந்தார்? கருத்து வேற்றுமை வந்ததும் தனிக்குடித்தனம், தனிப்பேச்சு என்று பிரிந்துவிடும் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

யார் வாசிப்பது?

"இதெல்லாம் சாமியார் வேலை, எங்களுக்கு ஏது படிப்பு?" என்று சிலர் சொல்லலாம். ஒரு காலத்தில் பூசையில் நற்செய்தி லத்தீனில் வாசிக்கப்பட்டது. 1962 முதல் 1965 வரையில் நடந்த இரண்டாவது வத்திக்கான் சங்கம் தாய்மொழிக்கு வழி திறந்தது. 1995-ல் கத்தோலிக்கரும் மற்றத் திருச்சபையினரும் கூடி மொழிபெயர்த்த திருவிவிலியம் எளிய தமிழில் வெளிவந்தது. இனிச் சாக்குச் சொல்ல இடம் இல்லை.

எழுத்துக் கூட்டிப் படிக்கக் கூச்சமா? 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு, பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். அவர் தமிழில் ஆக்கிய புதிய ஏற்பாடு 1715-ல் முழுமையாக அச்சேறியது. மணலில் எழுத அவர் வெட்கப்படவில்லை. நாம் ஏன் வெட்கப்பட வேண்டும்?

ஆகவே ஒரு யோசனை. இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். அன்றைய பகுதியைப் பத்து வரி வாசியுங்கள். பட்டம் பெற்ற பிள்ளை வாசிக்க வேண்டாம். இப்போதுதான் படிக்கக் கற்ற அம்மாவோ பாட்டியோ வாசிக்கட்டும். திக்கினால் யாரும் சிரிக்கக்கூடாது. பிறகு ஒரே ஒரு கேள்வி: "இதன்படி நாளைக்கு நாம் செய்ய வேண்டிய காரியம் என்ன?" பேசாத அண்ணனோடு பேசுவதா? பக்கத்து வீட்டுக் கிழவருக்குக் கஞ்சி கொடுப்பதா? ஏதாவது ஒன்று போதும்.

நாளுக்கு ஒன்று என்றால், 50 நாளில் 50 நற்காரியங்கள்! பண்டிகைச் சோறு மறுநாளே தீர்ந்துவிடும். இது ஆண்டு முழுவதும் வீட்டில் இருக்கும்.