கடலைமிட்டாயில் மலைத் தண்ணீர்

“கோவில்பட்டி பெருசாகட்டும், சுத்துப்பட்டு ஊரெல்லாம் தானா மேலே வந்துடும்.” டீக்கடையிலும் இதே பேச்சு, மேடையிலும் இதே பேச்சு. பக்கத்து ஊராட்சிகளை நகராட்சியோடு சேர்த்துவிடலாம் என்ற யோசனையும் கூடவே வரும்.

நகரம்தான் கிராமத்துக்குச் சோறு போடுகிறது என்கிறார்கள். கோவில்பட்டி கடலைமிட்டாய் 2020-ல் புவிசார் குறியீடு வாங்கியது எதைக் காட்டி? நிலக்கடலை, வெல்லம், தாமிரபரணித் தண்ணீர். கடலை காட்டில் விளைவது. தண்ணீரோ பொதிகை மலையில் பிறந்து, சீவலப்பேரியில் குழாய் ஏறி வருவது. நகரத்தின் பங்கு அடுப்பும் கைப்பக்குவமும். (லேசான பங்கு இல்லைதான், பாகு பதம் தப்பினால் பல்லைப் பிடித்துக்கொள்ளும்.) தீப்பெட்டி ஆலையும் அப்படியே. காலையில் கம்பெனி வண்டி ஊர் ஊராகப் போய்ப் பெண்களை ஏற்றி வராவிட்டால் அன்றைக்கு உற்பத்தி படுத்துவிடும்.

சேர்த்துவிட்டால் வசதி வரும் என்பது அடுத்த வாதம். முதலில் வருவது நகராட்சி வரி. முதலில் போவது ஊரக வேலை உறுதித் திட்டம். அது ஊராட்சிப் பகுதிக்கு மட்டும் உரியது. சரி, தெருவிளக்கு வரட்டும். மானாவாரி விவசாயி கேட்பது அதையா? அறுவடை நேரத்தில் நாற்கரச் சாலையின் ஓரத்தைப் பாருங்கள். மக்காச்சோளம் மஞ்சளாக விரிந்து கிடக்கும், வண்டி ஏறாமலிருக்க விளிம்பில் கல் வைத்திருப்பார்கள், ஒரு அம்மா வெறுங்காலால் துழாவிக்கொண்டே நடப்பார். களம் போதவில்லை. மழைநீர் வடிகாலும் குப்பை வண்டியுமாக ஓடும் நகராட்சித் தீர்மானங்களில் உலர்களம் எத்தனையாவது பொருளாக வரும்?

கடைசி வாதம்: ஆளுக்கொரு நிர்வாகம் இருந்தால் வேலை நடக்காது, உட்கார்ந்து பேசியெல்லாம் ஆகாது. பேசுவதற்கென்றே சட்டம் இருக்கிறது. 1993-ல் நடைமுறைக்கு வந்த 74-வது அரசியலமைப்புத் திருத்தம் மாவட்டத் திட்டக் குழு அமைக்கச் சொல்கிறது. ஐந்தில் நான்கு பங்கு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக, கிராம, நகர மக்கள்தொகை விகிதப்படி இருக்க வேண்டும். தண்ணீரைப் பகிர்வது அதன் வேலை என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. ஆளுக்கொரு நிர்வாகத்தை நம்பி நிதி கொடுத்த மாநிலமும் உண்டு: கேரளம் 1996-ல் மக்கள் திட்டம் தொடங்கியபோது திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகள் கையில் கொடுத்தது.

கோவில்பட்டி இருக்கும் தூத்துக்குடி மாவட்டத்திலோ 2025 ஜனவரியில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. தலைவர் இல்லாத ஊர்களில் யாரோடு உட்கார்ந்து பேசிப் பார்த்துவிட்டு ‘ஆகாது’ என்கிறார்கள்?