கள்ளிமுளையானை முதலில் எண்ணுங்கள்: எங்கள் நிலைப்பாடு

காட்டிலும் கரட்டிலும் கள்ளிமுளையான் செடியை வணிகத்துக்காகப் பறிப்பதை நிறுத்திவைக்க வேண்டும். எங்கே எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று மாவட்டவாரியாகக் கணக்கெடுத்த பிறகே அதைப் பற்றி மறுபடி பேச வேண்டும். இதுவே எங்கள் அமைப்பின் நிலைப்பாடு.

தென்மாவட்டத்து மானாவாரி ஊர்க்காரர்களுக்கு இந்தச் செடியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆடு மேய்க்கப் போனவர்கள் ஒடித்துத் தின்று பசியையும் தாகத்தையும் தணித்துக்கொண்டது இதைத்தான். புளியும் மிளகாயும் சேர்த்துத் துவையல் அரைப்பார்கள், ஊறுகாயும் போடுவார்கள். இலையென்று சொல்ல ஒன்றும் இருக்காது. நாலு பட்டையான சதைப்பற்றுத் தண்டு மட்டும் முள்புதரின் நிழலில், பாறை இடுக்கில் நிமிர்ந்து நிற்கும். தாவரவியலாளர் ராக்ஸ்பரோ தம் சோழமண்டலக் கரைத் தாவரங்கள் நூலில் 1795இல் இதை விவரித்தார். இன்றைய அறிவியல் பெயர் கராலுமா அட்செண்டென்ஸ்.

மழைக்குப் பின் தண்டின் நுனி மெலிந்து நீண்டு, அங்கேதான் பூக்கும். கருஞ்சிவப்பில் சிறிய பூ. ஒரு வகையில் இதழோரம் மெல்லிய மயிர்கள் காற்றில் ஆடும். பூவின் வாடைக்கு ஈ வரும். மகரந்தம் தூளாக உதிராமல் சிறு பொட்டலமாக ஈயின் உடலில் ஒட்டி அடுத்த பூவுக்குப் போகும். அது சரியான இடத்தில் பொருந்தினால்தான் கொம்புபோல் இரட்டைக் காய் பிடிக்கும். காய் வெடித்துப் பஞ்சுள்ள விதை பறக்கும். ஆகவே இளந்தண்டென்று நுனியை ஒடித்தால் அந்தப் பருவத்துப் பூவும் விதையும் சேர்ந்தே போகின்றன. வேரோடு பிடுங்கினாலோ தூரே இல்லை.

வீட்டுத் துவையலுக்கு ஒரு கைப்பிடி ஒடிப்பவரை நாங்கள் குறை சொல்லவில்லை. எங்கள் கவலை சந்தையைப் பற்றியது: உடல் எடை குறைக்கும் மாத்திரைகளில் கராலுமா ஃபிம்பிரியேட்டா என்ற பெயரில் இதன் சாறு உலகெங்கும் விற்பனையாகிறது. தண்டில் பெரும்பகுதி நீர்தான். காய்ந்த சரக்கு ஒரு மூட்டை சேர எத்தனை தூர்கள் போயிருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

அழியும் இனம் என்று இதை இன்றே அறிவித்துவிட வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. இந்தியாவிலும் இலங்கையிலும் பரவியிருக்கும் செடி இது. அழியும் இனங்களுக்கான உலகச் சிவப்புப் பட்டியலின் விதிப்படி, பத்து ஆண்டுகளில் அல்லது மூன்று தலைமுறைகளில், இரண்டில் எது நீண்டதோ அந்தக் காலத்தில், 30 விழுக்காடு குறைந்தாலே ஓர் இனம் ஆபத்து வகைக்குள் வரலாம். பழைய கணக்கு இல்லாமல் குறைவை எப்படி நிரூபிப்பது? பரவலாக இருக்கிறதே என்ற சமாதானத்தை நாங்கள் ஏற்கவில்லை. இதன் வகைகள் பல. பறிப்பவர் கைக்கு எல்லாம் ஒன்றே. அதனால் ஒவ்வொரு வகையையும் தனித்தனியே எண்ண வேண்டும்.

ஆப்பிரிக்காவின் கலகாரிப் பாலைநிலத்து ஹூடியாச் செடியையும் நினைவூட்டுகிறோம். அதுவும் இதே குடும்பம்தான். அங்குள்ள சான் பழங்குடி மக்கள் வேட்டையின்போது பசிக்குத் தின்ற தண்டு, எடைக் குறைப்புச் சரக்காக உலகச் சந்தைக்குப் போனது. 2004இல் அதைக் காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பில் சேர்த்து ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தார்கள். கள்ளிமுளையானுக்கு அந்தக் காவலும் கிடையாது.

அதன் இருப்பிடத்தின் நிலை இன்னும் மோசம். புதர்க்காட்டை அரசுப் பதிவேடுகள் தரிசு என்கின்றன. தரிசு என்று எழுதியபின் கல்குவாரிக்கும் சூரிய மின்பண்ணைக்கும் மனைப்பிரிவுக்கும் மறுப்பேது? மரம் நடுவோரும் அங்கேதான் குழி தோண்டுகிறார்கள். பொட்டலைப் பசுமையாக்குவது நல்ல காரியம் என்று நம்பிச் செய்பவர்களிடமும் சொல்கிறோம்: அது ஏற்கெனவே ஒரு காடு.

சாறு எடுக்கும் தொழிலை மூடச் சொல்லவில்லை. தண்டை வெட்டி, வெட்டுவாய் காய்ந்ததும் மணல் கலந்த மண்ணில் ஊன்றினால் வேர்விடும் செடி இது. பயிரிட்டு வாங்குங்கள், விவசாயிக்கும் வருமானம் கிடைக்கும்.

பல்லுயிர்ச் சட்டம் 2002ஆம் ஆண்டே உள்ளாட்சிதோறும் மேலாண்மைக் குழு வேண்டும் என்று சொல்லியிருக்கிறது; அந்தக் குழு மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிக்க வேண்டும் என்று அச்சட்டத்தின் கீழ் வந்த விதிகள் சொல்கின்றன. உங்கள் ஊர்ப் பதிவேட்டில் கள்ளிமுளையான் இருக்கிறதா என்று அடுத்த கிராமசபையில் கேளுங்கள். இல்லையென்றால், அது நிற்கும் கரட்டின் பெயரோடு எழுதச் சொல்லுங்கள்.