ஸ்டியரிங் மட்டும் போதுமா?

டிப்ளமோ முடித்த கையோடு நம்மில் பலரும் டிரைவிங் ஸ்கூலைத் தேடி ஓடுவோம். "பத்தே நாள்ல கத்துக்கலாம், லைசென்ஸுக்கு நாங்க கியாரண்டி" என்று சொல்லும் இடத்தில்தான் கூட்டம் மொய்க்கும். அங்கே சேராதீர்கள் என்பதே என் கட்சி.

கார் இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு அப்பாவோ மாமாவோ ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் சொல்லித் தந்துவிடுவார். எங்க வீட்ல சைக்கிளுக்கு மேல யாரும் தொட்டதில்லை. நம்மைப் போன்றவர்களுக்கு அந்தப் பள்ளிக் காரில் கிடைக்கும் நேரம்தான் எல்லாமே. அதுவும் அம்மா சீட்டுப் பணத்தில் கட்டும் ஃபீஸ்!

சொந்த உபயோகக் கார் ஓட்டக் கற்பவருக்குக் குறைந்தது 21 நாள் பயிற்சி, அதில் 10 மணி நேரமாவது நிஜமாக ஓட்டியிருக்க வேண்டும் என்கிறது 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 31-ஆம் விதி. நடப்பது என்ன? ஒரே காரில் நாலு பேர். ஒருத்தர் ஓட்ட, மூணு பேர் வேடிக்கை. மாஸ்டரோ தன் பக்கத்துக் கிளட்ச், பிரேக்கைத் தானே மிதித்துக்கொள்வார். நமக்கு ஸ்டியரிங் மட்டும். அரைக் கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்று காலுக்குத் தெரியவே தெரியாது.

ஓட்டிய நேரத்தைப் பதிவேட்டில் எழுதுவார்களா என்று சேருமுன் கேளுங்கள். (எழுத வேண்டும் என்பதும் விதிதான்.) மாஸ்டர் எப்படி என்று அங்கே படித்தவர்களிடம் விசாரியுங்கள். எடுத்ததற்கெல்லாம் திட்டுகிறவரிடம் கால்தான் நடுங்கும், கியர் விழாது. ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, பின்னால் உருளாமல் எடுக்கச் சொல்லித் தருவீங்களா என்றும் கேளுங்கள். "அதெல்லாம் ஓட்ட ஓட்ட வந்துடும் தம்பி" என்றால், ஃபீஸைப் பையிலேயே வைத்துக்கொண்டு அடுத்த ஸ்கூலுக்கு நடையைக் கட்டுங்கள்.