நிறைகோல் மட்டும் நீதிபதியா?

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. அந்தச் சுவரின் நலத்தை இன்று நாம் எதைக் கொண்டு அளக்கிறோம்? எடை இயந்திரம் ஒன்றைக் கொண்டுதான்! அதன் முள் இரண்டு கிலோ இறங்கினால் திருவிழா. இறங்காவிட்டால் இழவு வீடு. இந்த வழக்கம் சரிதானா என்பதே என் கேள்வி.

விடியற்காலையில் நம் மைதானத்தில் ஓடி, தண்டாலும் பஸ்கியும் எடுக்கும் நண்பர்களைப் பாருங்கள். இரண்டு மாதத்தில் இடுப்புவார் இரண்டு துளை உள்ளே போகிறது. சட்டை தொளதொளக்கிறது. "ஏன் கண்ணு, இப்பிடி எளைச்சுப் போயிட்டே?" என்று வீட்டில் அம்மா பதறுகிறார். எடை இயந்திரமோ அரைக் கிலோவுக்கு மேல் இறங்க மறுக்கிறது. "எல்லாம் வீண்" என்று பயிற்சியைக் கைவிடுகிறார்கள். வென்ற நாளிலேயே தோற்றதாக எண்ணிக் களம் விட்டு நீங்குவது பேதைமையன்றோ!

இதில் மாயம் எதுவுமில்லை. ஒரு கன சென்டிமீட்டர் கொழுப்பின் நிறை சுமார் 0.9 கிராம், அதே அளவுத் தசையின் நிறை சுமார் 1.06 கிராம். ஆகவே ஒரே எடையுள்ள தசையைவிடக் கொழுப்பு ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு கூடுதலாக இடத்தை அடைக்கும். அடர்த்தி மட்டுமே காரணமன்று. கொழுப்பு வயிற்றிலிருந்து கரைகிறது. தசையோ தோள், முதுகு, தொடை என்று பரவி வளர்கிறது. தசையில் சேரும் ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனுடனும் சுமார் மூன்று கிராம் நீரும் சேர்ந்து தங்குகிறது. போனது கொழுப்பு, வந்தது தசையும் நீரும். கணக்கு சரியாகிவிடுவதால் முள் அசைவதில்லை. இடுப்பு மட்டும் சிறுக்கிறது.

நம் கோபி வட்டாரத்துப் பட்டு விவசாயிக்கு இது புதிய பாடமன்று. பட்டுக்கூட்டின் எடையில் பெரும்பகுதி உள்ளே இருக்கும் கூட்டுப்புழுவின் எடை. நல்ல வெண்பட்டுக் கூட்டிலும் பட்டு தரும் ஓடு ஐந்தில் ஒரு பங்கு அளவே. ஆகவே கூட்டை நிறுத்துப் பார்ப்பதோடு அறிந்தவர் நிற்பதில்லை. ஓடு எவ்வளவு என்று கேட்கிறார். புழுக்கூட்டுக்குக் கேட்கும் கேள்வியை மனித உடலுக்குக் கேட்க வேண்டாமா?

அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ஆல்பர்ட் பென்கே 1942ஆம் ஆண்டிலேயே இக்கேள்வியைக் கேட்டார். தொழில்முறைக் கால்பந்து வீரர் 25 பேரை அவரும் அவர் குழுவினரும் ஆராய்ந்தனர். உயர எடை அட்டவணைப்படி அவர்களுள் 17 பேர் மிகை எடையினர், படைப்பணிக்குத் தகுதியற்றவர்! நீருக்குள் அமிழ்த்தி நிறுத்தபோது உண்மை வெளிப்பட்டது. அவர்களின் எடை கொழுப்பன்று, தசை. நம் இயற்பியல் ஆய்வகத்தில் நாம் படிக்கும் ஆர்க்கிமிடிஸ் தத்துவமே அந்த வீரர்களுக்கு நீதி வழங்கியது.

நிறைகோல் மறுபுறமும் பொய் சொல்லும். புனே மருத்துவர் யாஜ்னிக், லண்டன் மருத்துவர் யுட்கின் ஆகிய இருவரின் படம் 2004இல் 'லான்செட்' இதழில் வந்தது. எடையை உயரத்தோடு ஒப்பிடும் உடல் நிறைக் குறியீட்டெண் இருவருக்கும் 22.3தான். ஆனால் யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக் உடலில் 21.2 விழுக்காடு. ஒல்லியாகத் தோன்றும் இந்தியனின் வயிற்றுக்குள் கொழுப்பு ஒளிந்திருக்கக்கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த நாடு தழுவிய ஆய்வு 2023இல் வெளியாயிற்று. அதன்படி, பொதுவான உடற்பருமன் 28.6 விழுக்காட்டினருக்கு, வயிற்றுப் பருமனோ 39.5 விழுக்காட்டினருக்கு! எடையை மட்டும் பார்ப்பவர் கண்ணில் இந்த இடைவெளி படாது.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. எடை விரைவில் குறைய வேண்டும் என்று காலை உணவைத் துறந்து, மதியச் சோற்றையும் பாதியாக்கும் தோழியர் பலர். பட்டினியில் கொழுப்போடு தசையும் கரைகிறது. படியேறினால் மூச்சு வாங்குகிறது. வகுப்பில் கண் இருட்டுகிறது. முள் இறங்குவதால் எடை இயந்திரம் அதையும் பாராட்டுகிறது! உழைத்தவனைத் தண்டித்துப் பட்டினி கிடந்தவளைப் பாராட்டும் நீதிபதியை நாம் ஏன் நம்ப வேண்டும்?

அதற்காக நிறைகோலை உடைத்தெறியச் சொல்லவில்லை. வளரும் குழந்தைக்கு அது தேவை. காரணமின்றி எடை குறைந்தால் நீரிழிவோ காசநோயோ இருக்கலாம் என்று எச்சரிப்பதும் அதுவே. மிகுந்த பருமனுள்ளவர்க்கு மாதங்கள் செல்லச் செல்ல எடையும் இறங்கத்தான் வேண்டும். நிறைகோல் ஒரு சாட்சியாக இருக்கட்டும்; தீர்ப்புச் சொல்ல வேண்டாம் என்பதே என் வாதம்.

நம் கல்லூரியின் மருத்துவப் பரிசோதனையில் உயரம், எடையோடு இடுப்புச் சுற்றளவையும் குறிக்க வேண்டும். தையற்காரரிடம் உள்ள அளவுநாடா போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், இயல்பாக மூச்சை விட்டபின், மாதம் ஒருமுறை அளந்தால் போதும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பது இந்தியர்க்கு வகுக்கப்பட்ட எல்லை. அதையும் தோழர்களின் கேலிக்குப் பொருளாக்காமல் அவரவர் ஏட்டில் அவரவர் குறித்துக்கொள்ளட்டும்.

நேற்று நான்கு சுற்று ஓடியவன் இன்று ஐந்து சுற்று ஓடினால், அதுவும் ஓர் அளவே. முள் அசையவில்லை என்பதற்காக மைதானத்தை விட்டுப் போகாதீர்கள், நண்பர்களே!