பாறசாலையில் பென்ஷன், களியக்காவிளையில் பெட்ரோல்: எல்லையில் ஒரு பட்ஜெட் கணக்கு

நெய்யாற்றின்கரையிலிருந்து நாகர்கோவிலுக்கு பைக்கில் போறீங்க. டேங்க் காலி. பாறசாலையிலேயே நிரப்புவீங்களா, எல்லை தாண்டி களியக்காவிளையிலா?

கணக்கு இதுதான். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு பெட்ரோல் வரியை லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தது. 2023 ஏப்ரலில் கேரளா 2 ரூபாய் செஸ் போட்டது. இந்த இரண்டு முடிவுகளால் மட்டும் விலை இடைவெளி 5 ரூபாய் கூடியது. 10 லிட்டருக்கு 50 ரூபாய்.

செஸ் எதற்கு? முதியோர், விதவைகள் உள்ளிட்டோரின் சமூகப் பாதுகாப்பு பென்ஷனுக்கு. 1,600 ரூபாயாக இருந்த தொகை 2025 நவம்பரில் 2,000 ஆனது. வாங்குபவர்கள் சுமார் 62 லட்சம் பேர். அதாவது மாதம் சுமார் 1,240 கோடி.

'வரவுக்குள் செலவு செய்' என்பவர்களின் முதல் வாதம்: வரி ஏற்றினால் வண்டி எல்லை தாண்டும், வரியும் கூடவே போகும். பாறசாலைக்கு இது சரி. ஆனா எர்ணாகுளத்துக்காரர் பெட்ரோலுக்காக களியக்காவிளை வரமாட்டார்.

இரண்டாவது வாதம் கனமானது: கடன் வாங்கி பென்ஷன் கொடுப்பது நிலைக்காது. பென்ஷனுக்காக கேரள அரசு நிறுவனம் வாங்கிய கடனை மத்திய அரசு மாநிலக் கடனாகவே கணக்கிட்டது. கடன் வரம்பை எதிர்த்து 2023 டிசம்பரில் கேரளா உச்ச நீதிமன்றம் போனது. 2024 ஏப்ரலில் வழக்கு அரசியல் சாசன அமர்வுக்குப் போனது. செஸ் வந்த பிறகும், 2024 தொடக்கத்தில் பல மாத பென்ஷன் பாக்கி நின்றது.

தமிழ்நாட்டிலும் 2023 செப்டம்பர் முதல் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய். தொகை எவ்வளவு என்று மட்டும் பார்க்காதீங்க. அடுத்த பட்ஜெட்டில், எந்த வருமானத்திலிருந்து வருது என்றும் பாருங்க. வரவு தடுமாறினால், முதலில் காத்திருப்பது மருந்து வாங்க பென்ஷனை நம்பியிருக்கும் பாட்டிதான்.