கறுப்பு மருதாணி என்று ஒன்று இல்லை

லேக் மார்க்கெட்டில் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு வீடு திரும்பியபோது பக்கத்து ஃபிளாட்டு வங்காளிப் பெண் வாசலில் நின்றிருந்தாள். தலையைச் சுற்றித் துப்பட்டா. உள்ளே வந்த பிறகுதான் அவிழ்த்தாள். ஒரே வருடத்தில் இரண்டு ப்ளீச், ஒரு ஸ்ட்ரெய்ட்டனிங். கூந்தல் தேங்காய் நார் போலாகியிருந்தது. பதினைந்து நாளில் தங்கைக்குக் கல்யாணம்.

"இனிமேல் கெமிக்கலே வேண்டாம் மாஷிமா. மெஹந்திதான். வெறும் இலைதானே?" என்று ஒரு பாக்கெட்டை நீட்டினாள். அதில் நாலு மொழிகள். தமிழில் 'இயற்கையான கறுப்பு மருதாணி, பத்து நிமிடம் போதும்' என்றிருந்தது. மொழிபெயர்ப்பில் பிழையில்லை. பிழை பொருளில்தான்.

மருதாணி இலையில் லாசோன் என்ற சாயப்பொருள் இருக்கிறது. அது முடியின் கெரட்டின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். தருவது சிவப்பு மட்டுமே. கறுப்பு வேண்டுமென்றால் மருதாணிக்கு மேல் அவுரி பூச வேண்டும். 1859-இல் வங்காள விவசாயிகள் பயிரிட மறுத்துக் கலகம் செய்தார்களே, அதே அவுரிதான். இரண்டும் ஏற மணிக்கணக்காகும். பத்து நிமிடத்தில் கறுப்பு என்றால் பெரும்பாலும் பாராஃபினைலின்டையமின் கலந்திருக்கும். சிலருக்கு அது கொப்புளத்தையும் முகவீக்கத்தையும் உண்டாக்கும். ஐரோப்பிய ஒன்றியம் முடிச்சாயத்தில் இதற்கு 2 சதவீதம்தான் வரம்பு வைத்திருக்கிறது. சில பொடிகளில் உலோக உப்புகளும் உண்டு. அதன்மேல் ப்ளீச் பட்டால் முடி சூடேறி ஒடிந்துவிடும்.

கலப்படமில்லாத மருதாணியும் மந்திரமல்ல. ப்ளீச் செய்த முடியின் மேல்செதில்கள் தூக்கிக்கொண்டிருப்பதால், மைஒற்றும் தாள் போல அது சாயத்தை உறிஞ்சும். வேரில் ஒரு நிறம், நுனியில் ஒரு நிறம். பிடிக்காவிட்டால் எடுப்பதும் எளிதல்ல. மருதாணி போர்வைபோல் மூடி முடியைத் தடிமனாகக் காட்டும். பிளந்த நுனியை ஒட்டவைக்காது. அடிக்கடி போட்டால் முடி முரடாகவும் கூடும்.

அப்படியும் ஆசை விடாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. லாசோனியா இனெர்மிஸ் இலைப்பொடி தவிர வேறெதுவும் சேராத பாக்கெட்டாக வாங்குங்கள். ராஜஸ்தானின் சோஜத் மருதாணிக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. சீப்பில் சிக்கிய முடியைச் சேர்த்து முதலில் அதில் பூசிப் பாருங்கள். கழுவி இரண்டு நாள் பொறுத்திருங்கள். நிறம் மெல்லத்தான் ஆழமாகும். தோலிலும் ஒரு பொட்டு வைத்துப் பார்த்துவிடுங்கள்.

அவளும் நல்ல பொடி வாங்கி அப்படியே செய்தாள். மூன்றாம் நாள் ஒரு கொத்து முடியோடு வந்தாள். பளீரென்ற ஆரஞ்சு. "இதுவா என் தலையில் ஏறியிருக்கும்?"

நாலு அங்குலம் வெட்டிக்கொண்டு, சின்னக் கொண்டையும் ரஜனிகந்தாவுமாகக் கல்யாணத்துக்குப் போனாள். மருதாணி கையில் மட்டும்.